காவிரிக் கரையில் ஒரு கற்கோடரி

திருக்கடவூர் அமிர்தகடேசுவரர் திருக்கோயிலில் கலசங்கள் அடுக்கப்படாத நாளைக் காண்பது அரிது. அறுபது நிறைந்தோர், எழுபது கண்டோர், எண்பதைக் கடந்து ஆயிரம் பிறை தரிசித்தோர் எனத் தம்பதியர் வரிசையாக அமர்ந்திருப்பர். மார்க்கண்டேயருக்காகக் காலனையே காலால் உதைத்த பெருமான் உறையும் தலம் அல்லவா? சென்ற தை மாதத்தில் என் மைத்துனருக்கு அங்கே சதாபிஷேகம் நடைபெற்றது. கல்லூரியில் பொறியியல் பயிலும் என் பேரனும் உடன் வந்திருந்தான்.

சிவாசாரியார் சங்கல்பம் சொல்லத் தொடங்கினார். நம் அனைவர் காதிலும் ஆயிரம் முறை விழுந்த சொற்கள்தாம். சுவேதவராக கற்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகம், அதில் கலியுகம், அதன் முதற்பாதம் என்று காலத்தின் பெருவெளியிலிருந்து படிப்படியாக இறங்கி, இந்த ஆண்டு, இந்த மாதம், இந்தத் திதி, இந்த நட்சத்திரம் என்று வந்து நிற்பது. கேட்டுக் கேட்டுப் பழகியதால் நாம் அதன் பொருளை நினைப்பதில்லை. பேரன் நினைத்தான். ஹோமப் புகைக்கு நடுவே கைபேசியில் கணக்குப் போட்டு என் காதருகே குனிந்தான்.

“தாத்தா, ஒரு சதுர்யுகம் 43,20,000 வருஷம். 27 சதுர்யுகம் முடிஞ்சு, இருபத்தெட்டாவதிலும் மூணு யுகம் போயாச்சு. அப்படின்னா இந்த மனுவோட காலம் தொடங்கி 12 கோடி வருஷம் ஆகுது. மனுஷன் அத்தனை வருஷமாவா பூமியில இருக்கான்?”

பதில் சொல்ல நாவெழவில்லை. அட்சதை போட அழைத்ததும் எழுந்துவிட்டேன். ஆனால் அவன் விடவில்லை. பிற்பகலில் தன் கைபேசியில் பல படங்களைக் காட்டினான். பூம்புகார்க் கடலடியில் 11,500 ஆண்டு நகரம் என்றது ஒன்று. மயிலாடுதுறைக்கருகே முருகன் பெயர் பொறித்த சிந்துவெளிக் கோடரி என்றது இன்னொன்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தொப்பி அணிந்த வெள்ளையர், இராஜராஜன் முன்கூட்டியே அறிந்து செதுக்கியது என்றது மூன்றாவது. “இதெல்லாம் நிஜமா தாத்தா?” என்றான். மூன்றும் நாங்கள் தஞ்சைக்குத் திரும்பும் வழியிலேயே இருந்தன. கேட்டவனுக்குக் காட்டிவிடுவோம் என்று மறுநாள் காலை காரில் புறப்பட்டோம்.

பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் இடம், முதன்முறை வருவோருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். குடகில் அகத்தியர் கமண்டலத்திலிருந்து காக்கை உருவில் வந்த கணபதியால் கவிழ்க்கப்பட்டு, அரங்கனை இருபுறமும் தழுவி, நூறு கிளையாகப் பிரிந்து வயல்களுக்குத் தன்னைக் கொடுத்தவள், இங்கே வரும்போது ஒரு வாய்க்கால் அளவே எஞ்சி நிற்கிறாள். எல்லாவற்றையும் வழியிலேயே ஈந்துவிட்டவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? சங்கமத்தில் நீராடிக் கரையேறியபின், கடலைக் காட்டிப் பேரனுக்குக் கூறினேன்.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் தமிழகத் தொல்லியல் துறையுடன் சேர்ந்து இந்தக் கடற்பகுதியை ஆராய்ந்து வந்தனர். 1991-ல் கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு தென்பட்டது. பத்து ஆண்டுகள் அதைப் பற்றி வெளியுலகம் பெரிதாகப் பேசவில்லை. 2001-ல் கிரஹாம் ஹான்காக் என்னும் பிரிட்டிஷ் எழுத்தாளர் இங்கு வந்து மூழ்கிப் பார்த்தார். பனியூழி முடிந்து உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்த கணக்கின்படி, இந்த ஆழம் நீரில் மூழ்கி 11,000 ஆண்டுகளுக்கு மேலாயிருக்க வேண்டும். ஆகவே அது மனிதர் கட்டியதெனில், எகிப்து, சுமேரியாவையெல்லாம் விட முந்தையது என்பது அவர் வாதம்.

கேட்கும்போது நெஞ்சு விம்முகிறது. பழம்பெரும் புகார் நகரைக் கடல் கொண்டது என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். ஆனால் இந்த வாதத்தில் ‘எனில்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதில்தான் எல்லாம் தொங்குகிறது. அந்த அமைப்பு மனிதர் கைவேலையா, இயற்கையாக இறுகிய பாறையா என்பது முடிவாகவில்லை. காலத்தைச் சொல்லும் மரத்துண்டோ, பானையோடோ அதனுள்ளிருந்து எடுத்துக் கணிக்கப்படவில்லை. கடல் உயர்ந்ததால் மட்டும் நிலம் மூழ்குவதில்லை. கரை அரிக்கப்பட்டும், வண்டல் நிலம் தாழ்ந்தும் மூழ்கும். ஆழத்தை வைத்தே வயது சொல்வது, கிணற்றின் ஆழத்தை வைத்து அதை வெட்டியவர் வயதைச் சொல்வது போன்றது.

கடலை விட்டு உள்ளே வந்தால் கீழையூரில் வேறொரு காட்சி. மத்தியத் தொல்லியல் துறையினர் 1960-களில் அகழ்ந்து கண்ட செங்கல் படகுத்துறை. படகு கட்டுவதற்காக ஊன்றிய மரக்கட்டைகள் அதில் கிடைத்தன. அவற்றைக் கரியமிலக் கணிப்புக்கு உட்படுத்தியபோது ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் என்று விடை வந்தது. 11,500 எங்கே, 2,300 எங்கே? பேரன் முகம் சுருங்கியது. எனக்கோ அந்தச் செங்கற்களின் முன் கைகூப்பத் தோன்றியது. ஏலமும் மிளகும் முத்தும் ஏற்றிய கலங்கள் வந்து நின்ற படித்துறை இதுதான் என்று ஐயமின்றிக் கூறலாமே!

பூம்புகாருக்கு அண்மையிலேயே திருவெண்காடு. அகோரமூர்த்தியும் புதனும் அருள்பாலிக்கும் தலம். முக்குளங்களில் நீராடிச் சுவேதாரண்யேசுவரரைத் தரிசித்தோம். சென்ற நூற்றாண்டின் நடுவில் இவ்வூர் மண்ணைத் தோண்டியபோது சோழர்காலத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அந்நியப் படையெடுப்புக்கு அஞ்சி யாரோ மண்ணுள் மறைத்துவைத்துப் பின்னர் எடுக்க வராமலே போயிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்ததோ! அத்திருமேனிகளுள் ஒன்றை மறுநாள் தஞ்சையில் பார்ப்போம் என்று மட்டும் பேரனிடம் சொல்லிவைத்தேன்.

மயிலாடுதுறையை அடுத்துள்ளது செம்பியன்கண்டியூர். திருவையாற்றுக்கு அருகில் பிரமன் சிரம் கொய்த வீரட்டத் தலமாகிய கண்டியூர் வேறு; இது வேறு. செம்பியன் என்பது சோழரின் பெயர். ஊர்ப் பெயரிலேயே அரசர் இருக்கிறார்கள். இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. தென்னையும் வாழையும் சூழ்ந்த, காவிரிக் கரையின் எந்தக் கிராமத்தையும் போன்ற கிராமம்.

2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் வாழை, தென்னங்கன்றுகள் வைக்கக் குழி தோண்டினார். மெருகேற்றிய கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன. வேறொருவராயிருந்தால் வேலி ஓரம் எறிந்திருப்பார். ஆசிரியரோ தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்திலிருந்த நண்பருக்குத் தெரிவித்தார்; அவர் வழியாக அவை மாநிலத் தொல்லியல் துறையை அடைந்தன. ஒரு கோடரியின் மேல் நான்கு குறிகள் கீறப்பட்டிருப்பதை அங்கே கண்டனர். சிந்துவெளி எழுத்தாராய்ச்சியில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஐராவதம் மகாதேவன் அதைப் பார்த்தார். முதற்குறி முழங்காலை மடக்கிக் குந்தியிருக்கும் மெலிந்த உருவம். இரண்டாவது ஒரு சாடி. மூன்றாவது சூலம் போன்றது. நான்காவது பிறை போன்றது. முதலிரண்டும் இணைந்து ஹரப்பா முத்திரைகளில் மிகப் பலமுறை வருபவை. அவற்றை ‘முருகன்’ என்று படிக்கலாம் என்பதை மகாதேவன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதியிருந்தார். கல் தென்னாட்டுக்கு உரியது. ஆகவே வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று என்றும் கூறினார். கோடரியின் காலம் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடைப்பட்டதாயிருக்கலாம் என்று கருதினார்.

ஓர் உண்மையை அன்பர்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தை அன்றே கத்தரித்துப் பூஜை அறையில் செந்திலாண்டவன் படத்தின் பின்புறம் செருகிவைத்தேன். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன், நாம் நாளும் மிதிக்கும் இதே காவிரி மண்ணில், நம்மைப் போல ஒருவன் கல்லில் அவன் திருநாமத்தைக் கீறினான் என்று எண்ணியபோது கண்ணீர் வந்தது. அந்தக் காகிதம் மஞ்சளேறி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் பேரன் கேட்கும்போது முழுவதையும் சொல்ல வேண்டுமல்லவா? கோடரி முறையான அகழாய்வில், இன்ன மண்ணடுக்கில், இன்ன பொருளோடு என்று குறிக்கப்பட்டுக் கிடைக்கவில்லை; கன்று நடும் குழியில் கிடைத்தது. அதன் காலம், அத்தகைய கோடரிகள் வழங்கிய காலத்தைக் கொண்டு கணித்தது. குறிகள் கோடரி செய்த காலத்திலேயே கீறப்பட்டவையா, பின்னர் வந்தவையா, எழுத்தா, வெறும் கீறல்களா என்று வினவும் அறிஞர் உள்ளனர். எல்லாவற்றுக்கும் மேலாக, சிந்துவெளிக் குறிகளை எவரும் ஐயத்துக்கு இடமின்றிப் படித்துவிடவில்லை. அவை மொழியையே குறிக்கவில்லை என்று 2004-ல் வெளிநாட்டு ஆய்வாளர் மூவர் வாதிட்டனர். படித்து நிறுவுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததே, புதிர் இன்னும் அவிழவில்லை என்பதற்குச் சான்று. 2018-ல் மறைந்த மகாதேவன் அவர்களும், சிந்து எழுத்து முழுவதையும் தாம் படித்துவிட்டதாக உரிமை கொண்டாடியவரல்லர். அவர் அடக்கத்தோடு சொன்னதைக் கைபேசிக்காரர்கள் முரசறைகிறார்கள்.

ஊர்க்கோடியில் ஒரு திண்ணையில் அமர்ந்திருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். கல் கிடைத்த கதையை அவரும் அறிந்திருந்தார். “எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. ஆனா ஒண்ணு, எங்க ஊர்ல கல்லு ஏது? அம்மி, ஆட்டுக்கல்லுகூட வெளியூர்லேர்ந்து வண்டியில வந்ததுதான். பூமியில எத்தனை முழம் வெட்டுனாலும் வண்டலும் மணலும்தான். கல்லு கெடந்துச்சுன்னா, எவனோ தூக்கிட்டு வந்து போட்டதுதான்” என்றார்.

அவர் சொன்ன ஒரு சொல், நான் படித்த பல கட்டுரைகளை விட மேலாகப் பட்டது. இந்தச் சோழவளநாடு காவிரி கொண்டுவந்து கொட்டிய மண். பனியூழிக்குப்பின் உயர்ந்த கடல், ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவாறு நிலைகொண்ட பின்னரே, உலகின் பெரும்பாலான ஆற்றுக் கழிமுகங்கள் இன்றுள்ள வடிவைப் பெறத் தொடங்கின என்பர். நாம் அனாதியென்று எண்ணும் வயல்வெளி, நிலத்தின் கணக்கில் பச்சிளங்குழந்தை. பெரிய கோயிலின் ஒவ்வொரு கல்லும் வெளியிலிருந்து வந்தது. இங்கே மண்ணுள் கிடக்கும் கல் எதுவாயினும் அதைச் சுமந்து வந்த ஒரு தோள் உண்டு. எழுத்து இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். அந்தத் தோள் இருந்தது உறுதி. 2007-08-ல் தொல்லியல் துறை இவ்வூரில் அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளும் குறியிட்ட பானையோடுகளும் கிடைத்தன. ஆக, இங்கே நெடுங்காலம் மக்கள் வாழ்ந்தார்கள், இறந்தோரை அன்போடு புதைத்தார்கள்.

அன்றிரவு மயிலாடுதுறையில் தங்கினோம். மாயூரநாதரைத் தரிசித்துத் திரும்பியபின், 12 கோடிக் கணக்குக்கு வந்தான் பேரன். மைக்கேல் கிரெமோ என்ற அமெரிக்க வைணவ அன்பரும் ரிச்சர்ட் தாம்ஸன் என்பவரும் 1993-ல் எழுதிய பெருநூல் ஒன்று உண்டு. மனித இனம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியில் இருக்கிறது, அதற்கான சான்றுகளை அறிஞர் ஒதுக்கிவிட்டார்கள் என்பது அதன் வாதம். கலிபோர்னியாவின் பொற்சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கல்லுரல், உலக்கை போன்றவற்றைச் சான்று காட்டுகிறார்கள். அவை உண்மையில் அந்தப் பழைய அடுக்கிலேயே இருந்தன என்று முறையாகக் குறித்துவைத்தவர் எவருமில்லை என்பதால் ஆய்வுலகம் அவற்றை ஏற்கவில்லை. புராணத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் அவர்கள் ஆர்வத்தை நான் குறைகூறேன். எனினும் வழக்காடு மன்றத்தில் சாட்சி தடுமாறினால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு தோற்கும்.

தொலைவுக்குப் போவானேன்? கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர். அங்குச் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில், சக்கரம் போலச் சுருண்ட கடலுயிர்களின் கல்லுருக்கள் கிடைக்கின்றன. அந்த இடம் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது. கண்டகி நதியிலிருந்து வந்து நம் வீட்டுப் பூஜையில் எழுந்தருளியுள்ள சாளக்கிராமத்தின் சக்கர ரேகைகளும் இத்தகைய உயிரின் சுவடுகளே. அரியலூர்ப் படிவுகளில் கடலுயிர்கள் ஏராளம்; மனிதனின் சுவடு ஒன்றுகூட இல்லை. மனிதக் கைவேலைக்கு நம் நாட்டிலேயே மிகப் பழைய சான்று, திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் இருக்கிறது. 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் கண்ட இடம். சாந்தி பப்பு அவர்களின் குழுவினர் பல்லாண்டு அகழ்ந்து, அங்குள்ள கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-ல் வெளியிட்டனர். அவற்றைச் செய்தோர் நம்மினும் முந்தைய மனித வகையினர். நம்மைப் போன்ற மனிதரின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படுபவை மொராக்கோவில் கிடைத்தன. வயது சுமார் 3 லட்சம் ஆண்டு.

“அப்போ சங்கல்பத்துல சொல்றது பொய்யா?” என்றான். குரலில் ஏளனமில்லை. உண்மையில் அவன் பயந்திருந்தான் என்றே தோன்றியது. தாத்தா இதையும் விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்ற பயம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சங்கல்பம் மண்ணைத் தோண்டி எடுத்த கணக்கன்று. அதை நிறுவும் பொறுப்பை அரியலூர்க் கல்லின் மேலோ கலிபோர்னியாச் சுரங்கத்தின் மேலோ ஏற்றுவது அதற்கு நாம் செய்யும் மரியாதையும் அன்று. பிரமனின் ஒரு பகலாகிய கற்பத்துக்கு 432 கோடி ஆண்டு என்றார்கள் பெரியோர். அத்தனை பெரிய காலத்தைச் சொல்லி, அதற்குள் இன்றைய திதியில், இந்தக் கோத்திரத்தில், இந்தப் பெயருடையவன் ‘இதோ நிற்கிறேன்’ என்று இறைவன் முன் முகவரி சொல்கிறோம். எண்பது வயதான உன் பெரிய தாத்தா நேற்று அப்படித்தான் அமர்ந்திருந்தார். ஆயிரம் பிறை கண்டவர், அந்தக் கணக்கின் முன் ஒரு நொடிகூட இல்லை என்று கேட்டுக்கொண்டே தலை தாழ்த்திக் கலச நீரை ஏற்றார். தொல்லியலாருக்கு வேறு வேலை. அவர்கள் கல்லைக் கேட்கிறார்கள். கல் சொல்லாததை அதன் வாயில் நாம் திணிக்கக் கூடாது. இவ்வளவுதான் சொன்னேன். அவன் ஏற்றானோ இல்லையோ, பதில் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் தஞ்சை. பெருவுடையாரைத் தரிசித்து, வடபுறம் சண்டிகேசுவரர் சந்நிதி அருகே நின்று அண்ணாந்து பார்த்தோம். விமானத்தில் தொப்பிக்காரர் தெரிந்தார். இராஜராஜன் காலக் கல்வேலையோடு சேராத உருவம் அது. நாயக்கர் காலத்திலோ அதற்குப் பின்னரோ நடந்த திருப்பணியில், அப்போது இங்கு வந்துபோன ஐரோப்பியரைப் பார்த்து வைத்திருப்பார்கள் என்பதே அறிஞர் பலர் கருத்து. டேனிஷ்காரர்கள் 1620-ல் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்களே! இதில் மர்மம் ஏதுமில்லை. 1010-ல் இத்தகைய விமானத்தை கல்லே இல்லாத நாட்டில் எழுப்பிய மன்னனுக்கு, தொப்பிக்காரரை முன்கூட்டிக் கண்ட பெருமை எதற்கு?

அரண்மனைக் கலைக்கூடத்துக்கு நடந்தோம். திருவெண்காட்டு மண்ணிலிருந்து எழுந்த ரிஷபவாகன தேவர் அங்கே நிற்கிறார். கால்களை மாற்றி ஊன்றி, சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, இதழில் அரும்பும் புன்னகையோடு. இவருக்கு வயது கேட்டால் தடுமாற்றமே இல்லை. கோலக்கவன் என்பவர் இந்த ரிஷபவாகன தேவரை எழுந்தருளுவித்ததைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டே கூறுகிறது, ஆண்டு 1011. அடுத்த ஆண்டில் அம்மையும் எழுந்தருளினாள். மண்ணுள் மறைந்திருந்த காலம் முழுவதும் அவர் பிறந்த ஆண்டைச் சுவர் நினைவில் வைத்திருந்தது.

பேரன் வெகுநேரம் நின்று பார்த்தான். பெருமானின் ஒரு கரம் எதன் மேலோ சாய்ந்திருப்பது போல அந்தரத்தில் வளைந்து நிற்கிறது. கீழே ஒன்றுமில்லை.

“கை எது மேல இருக்கு தாத்தா?”

“காளை மேல.”

“காளை எங்கே?”

“இங்கே இல்லை.”

அவன் மீண்டும் அந்தக் கரத்தைப் பார்த்தான். பிறகு, காளையின் முதுகு இருந்திருக்க வேண்டிய உயரத்தைத் தன் உள்ளங்கையால் காற்றில் அளந்து, “இவ்வளவு உயரம் இருந்திருக்கும்” என்றான்.